முதல் சீசனின் கணக்கு: புதிய மேலாளரிடம் கால்பந்து ரசிகர்கள் எதை எதிர்பார்க்கலாம்?

2013 மே 12 அன்று ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் நடுவே அலெக்ஸ் ஃபெர்குசன் ஒலிவாங்கியுடன் நின்றார். மான்செஸ்டர் யுனைடெட்டை 26 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி, 13 லீக் பட்டங்களை வென்று கொடுத்துவிட்டு விடைபெறும் நாள் அது. தனக்குக் கெட்ட காலம் வந்தபோது கிளப்பும் வீரர்களும் ரசிகர்களும் தன் பக்கம் நின்றதை நினைவூட்டிய அவர், அடுத்து வருபவரின் பக்கம் அவ்வாறே நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அரங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அடுத்து வந்தவர் டேவிட் மோயஸ். ஆறு ஆண்டு ஒப்பந்தத்துடன் அந்த ஜூலையில் பொறுப்பேற்ற அவர், 2014 ஏப்ரல் 22 அன்று நீக்கப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் போக வேண்டும் என்று எழுதிய பதாகையை இழுத்துக்கொண்டு சிறு விமானம் ஒன்று அதே மைதானத்தின் மேல் பறந்தது. அதை ஏற்பாடு செய்தவர்கள் யுனைடெட் ரசிகர்கள். கீழே அமர்ந்து மோயஸுக்குக் கைதட்டியவர்களும் யுனைடெட் ரசிகர்களே.

ஒரே அணியை நேசிப்பவர்கள் ஒரே நாளில் இப்படி இரண்டாகப் பிரிந்து நின்றதற்குக் காரணம், முதல் சீசனில் ஒரு மேலாளரிடம் எதைக் கேட்பது நியாயம் என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு இல்லாததுதான். கோப்பையா, பட்டியலில் முதல் நான்கு இடங்களில் ஒன்றா, பார்க்கத் தகுந்த ஆட்டமா, அல்லது வெறும் பொறுமையா? ஐரோப்பியக் கால்பந்தின், குறிப்பாக இங்கிலாந்து பிரீமியர் லீக்கின், கடந்த அரை நூற்றாண்டு அனுபவத்தை வைத்து இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து பிறக்கிறது?

ரசிகரின் எதிர்பார்ப்புக்கு ஊற்றுகள் பல. முதலாவது, முன்னவரின் நிழல். மோயஸை எல்லோரும் ஒப்பிட்டது ஃபெர்குசனின் கடைசி சீசனோடு: 89 புள்ளிகள், இரண்டாம் இடத்தைவிட 11 அதிகம். மோயஸ் நீக்கப்பட்ட அந்த சீசன் 64 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தில் முடிந்தது. எவர்டன் 1992க்குப் பிறகும் நியூகாசில் 1972க்குப் பிறகும் ஓல்ட் டிராஃபோர்டில் முதன்முறையாக வென்றன. இந்த எண்கள் கடுமையானவைதான். ஆனால் அவர் பெற்றுக்கொண்ட அணியின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா ஆகிய மூன்று பின்கள வீரர்களும் முப்பதைத் தாண்டியவர்கள். கிக்ஸ் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நடுக்களத்தின் மூளையாக இருந்த ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். வீரர்களை வாங்கும் பேரங்களை நடத்திவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஃபெர்குசனோடு அதே கோடையில் விலகினார். கடைசிப் பட்டத்தின் ஒளியில் இந்தப் பலவீனங்கள் எதுவும் ரசிகர்கள் கண்ணில் படவில்லை.

இரண்டாவது ஊற்று, செலவழித்த பணம். கோடையில் நான்கு வீரர்களை வாங்கிவிட்டால், அந்தத் தொகை இலையுதிர் காலத்திலேயே புள்ளிகளாக மாற வேண்டும் என்று ரசிகர் நினைக்கிறார். மூன்றாவது, போட்டி அணியின் நிலை. பக்கத்து வீட்டுக்காரன் கோப்பையைத் தூக்கும்போது நம்முடைய நான்காம் இடம் கசக்கிறது. நான்காவது, வருபவரின் பழைய புகழ். வேறொரு நாட்டில் வேறொரு அணியோடு அவர் சாதித்ததை ரசிகர் தன் அணியின் மேல் ஏற்றிப் பார்க்கிறார்.

இந்த நான்கிலும் விடுபட்டுப்போவது ஒன்று: புதியவர் கையில் உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி.

முதல் சீசனிலேயே பட்டம்

முதல் சீசனிலேயே லீக் பட்டம் வெல்ல முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செல்சியில் 2004–05இல் ஜோசே மொரீனோ, 2009–10இல் கார்லோ ஆன்செலோட்டி, 2016–17இல் அந்தோனியோ கோன்டே. மான்செஸ்டர் சிட்டியில் 2013–14இல் மானுவேல் பெல்லெக்ரினி. லெஸ்டரில் 2015–16இல் கிளாடியோ ரனியேரி. லிவர்பூலில் 2024–25இல் ஆர்னே ஸ்லாட். இவர்கள் அனைவரும் அந்தந்தக் கிளப்பில் தங்கள் முதல் சீசனிலேயே பிரீமியர் லீக்கை வென்றவர்கள். ‘இவர்களால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?’ என்று புதிய மேலாளரை நோக்கி வீசப்படும் கேள்விக்கு இந்தப் பெயர்களே ஆதாரம்.

பெயர்களுக்குப் பின்னால் இருந்த அணிகளைப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரியும். மொரீனோ பெற்ற செல்சி, முந்தைய ஆண்டு 79 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பிடித்த அணி. ரோமன் அப்ரமோவிச்சின் பணம் 2003லேயே வந்துவிட்டது. லாம்பார்டும் மக்கலேலேவும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். கோல்கீப்பர் பீட்டர் செக்கையும் ஆர்யன் ராபனையும் வாங்கும் ஒப்பந்தங்கள் மொரீனோ வருவதற்கு முன்பே முடிந்திருந்தன. 95 புள்ளிகள், 38 ஆட்டங்களில் வெறும் 15 கோல்கள் மட்டுமே விட்டுக்கொடுத்த தற்காப்பு என்ற சாதனை மொரீனோவுடையதுதான். ஆனால் அஸ்திவாரம் போட்டவர் அவருக்கு முன் இருந்த ரனியேரி.

அதே ரனியேரி பதினோரு ஆண்டுகள் கழித்து லெஸ்டரில் எதிர்ப்பக்கத்திலிருந்து பயனடைந்தார். சூதாட்ட நிறுவனங்கள் 5,000க்கு 1 என்று விலை வைத்த அணி அது. முந்தைய சீசனில் 41 புள்ளிகளுடன் 14ஆம் இடம். ஆனால் அந்த சீசனின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று தரமிறக்கத்திலிருந்து தப்பியிருந்தது. அதைச் செய்தவர் நைஜல் பியர்சன். ரனியேரி அந்த ஓட்டத்தைக் கலைக்கவில்லை. வந்தவுடன் எல்லாவற்றையும் மாற்றாமல், கான்டே என்ற ஒரு நடுக்கள வீரரைச் சேர்த்து, இருந்ததைக் கூர்மையாக்கினார். 40 புள்ளிகளே இலக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 81 புள்ளிகளில் முடித்தார்.

கோன்டேயின் செல்சி முந்தைய ஆண்டு பத்தாம் இடத்தில் இருந்தது. அதனால் கிடைத்த நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: 2016–17இல் அந்த அணிக்கு ஐரோப்பியப் போட்டிகளே இல்லை. எதிரிகள் புதன்கிழமை வேறு நாட்டில் ஆடிவிட்டுச் சனிக்கிழமை களைப்போடு இறங்கியபோது, கோன்டேவுக்கு முழு வாரமும் பயிற்சிக்குக் கிடைத்தது. செப்டம்பரில் ஆர்சனலிடம் 3–0 என்று தோற்றதும் மூன்று பின்கள வீரர்களைக் கொண்ட அமைப்புக்கு மாறினார். அதன்பின் 13 லீக் ஆட்டங்கள் தொடர்ச்சியாக வெற்றி. வேறொரு அணியில், வாரம் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, அந்த மாற்றத்தைப் பயிற்சிக்களத்தில் பழக்க நேரம் இருந்திருக்காது.

ஸ்லாட்டின் லிவர்பூல் இன்னும் தெளிவான சான்று. யூர்கன் கிளாப் 2024இல் விடைபெற்றபோது 82 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் இருந்த அணியை விட்டுச்சென்றார். அதற்கு முந்தைய கோடையிலேயே நடுக்களம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டிருந்தது: மெக்அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்ச். ஸ்லாட் வந்த கோடையில் முதல் அணிக்கு உடனடியாகச் சேர்ந்த புதுமுகம் ஃபெடரிகோ கியேசா மட்டுமே. கிராவன்பெர்ச்சைப் பின்கள வீரர்களுக்கு முன்னால் நிறுத்தி ஆட்டத்தின் மையமாக்கியதும், சாலா 29 லீக் கோல்கள் அடித்ததும் சேர்ந்து, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதிசெய்தன. ஒருவர் அணியைப் புதுப்பித்து வைத்துவிட்டுப் போனால் அடுத்தவர் எவ்வளவு விரைவாக மேலேற முடியும் என்பதற்கும், புதுப்பிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்லாட்டும் மோயஸும் இரு முனைகள். அதே ஸ்லாட்டின் அணி, பெருந்தொகை செலவிட்டு வீரர்களை வாங்கிய பிறகு, 2025 இலையுதிர் காலத்தில் தொடர் தோல்விகளில் சிக்கியதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சீசனின் பட்டம் இரண்டாம் சீசனுக்கு உத்தரவாதமாகவில்லை.

தாமதமாக மலர்ந்தவர்கள்

மறுபக்கத்துப் பட்டியலும் சிறியதல்ல. ஃபெர்குசன் 1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டிடம் 2–0 என்று தோல்வி. அந்த சீசனை 11ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் இடம். பிறகு மீண்டும் 11, அதற்குப் பிறகு 13. 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5–1 என்று தோற்றார். அந்த டிசம்பரில், மூன்று ஆண்டுகளாகச் சாக்குப்போக்குதான் என்று எழுதி அவருக்கு விடைகொடுக்கும் பதாகை ஒன்று அரங்கில் உயர்ந்தது. 1990இல் எஃப்.ஏ. கோப்பை, முதல் லீக் பட்டம் 1993இல்தான்.

பெப் கார்டியோலாவின் 2016–17 மான்செஸ்டர் சிட்டி, எல்லாப் போட்டிகளையும் சேர்த்து முதல் பத்து ஆட்டங்களில் தொடர்ச்சியாக வென்றது. பிறகு சரிந்தது. ஜனவரியில் எவர்டனிடம் 4–0 தோல்வி. இறுதியில் 78 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். கோப்பை எதுவும் இல்லை. மேலாளர் வாழ்க்கையில் அவர் வெறுங்கையோடு முடித்த முதல் சீசன் அது. அவருடைய ஆட்டமுறை இங்கிலாந்தில் செல்லாது என்று எழுதாத விமர்சகர் குறைவு. ஆனால் சிக்கல் இருந்த இடம் வேறு. பக்கவாட்டுத் தற்காப்பில் இருந்த சபலேட்டா, சான்யா, கிளிஷி, கொலாரோவ் நால்வருமே முப்பதைத் தாண்டியவர்கள். அவர் கேட்ட ஓட்டத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை. அடுத்த கோடையில் அந்த இடங்களும் கோல்கீப்பர் இடமும் மாறின. அந்த சீசனில் சிட்டி 100 புள்ளிகள் எடுத்தது.

மிக்கேல் ஆர்ட்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்து எட்டாம் இடம் பிடித்தார், எஃப்.ஏ. கோப்பையை வென்றார். முதல் முழு சீசனிலும் எட்டாம் இடமே. மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல், பட்டியலின் அடியில் கிடந்தார். அப்போதும் கிளப் அவரைக் கைவிடவில்லை. அதன் பலன், 2022–23 தொடங்கித் தொடர்ந்து மூன்று சீசன்களில் இரண்டாம் இடம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி, பொறுப்பேற்ற மாதம். ஃபெர்குசன், கிளாப், ஆர்ட்டெட்டா ஆகிய மூவரும் சீசன் நடுவே வந்தவர்கள். கோடைப் பயிற்சியும் இல்லாமல், வீரர் தேர்விலும் பங்கில்லாமல் தொடங்கியவர்களுக்கு அந்த அரைச் சீசனைக் கணக்கில் எழுதுவது முறையாகாது. சாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பதினேழாம் இடத்தில் இருந்த பேயர் லெவர்குசனை ஏற்று, அந்த ஆண்டு ஆறாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய முதல் முழு சீசனான 2023–24இல் அணி ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் 90 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. முதல் சீசன் என்பதை முதல் கோடையிலிருந்து எண்ணுவதே பொருத்தம்.

தொடக்க ஆட்டங்கள் சொல்லும் பொய்

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது நம் பழமொழி. கால்பந்து ரசிகர்கள் உலகெங்கும் இதையே நம்புகிறார்கள். இதன் மறுபுறத்தையும், அதாவது முதல் வெற்றிகள் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டன என்பதையும், நம்புகிறார்கள். அனுபவம் இரண்டையும் மறுக்கிறது.

2008இல் பார்சிலோனாவின் முதல் அணியை ஏற்றபோது கார்டியோலா பெரிய கிளப் எதையும் நடத்தியதில்லை. ரொனால்டினோவையும் டெக்கோவையும் அனுப்பிவிட்டார். முதல் லீக் ஆட்டத்தில் நுமான்சியா என்ற சிறிய அணியிடம் 1–0 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் ரேசிங் சாந்தாந்தேருடன் சமன். அந்த சீசன் முடிந்தபோது லீக், ஸ்பெயின் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் பார்சிலோனாவின் கையில். எரிக் டென் ஹாக் 2022இல் யுனைடெட்டில் முதல் இரு ஆட்டங்களிலும் தோற்றார். இரண்டாவது, பிரென்ட்ஃபோர்டிடம் 4–0. அந்த சீசனை மூன்றாம் இடத்தோடும் லீக் கோப்பையோடும் முடித்தார்.

எதிர்த்திசைக்கு ஏஞ்ச் போஸ்டகோக்லு. 2023 கோடையில் டாட்டன்ஹாமை ஏற்று, சீசனின் தொடக்கத்திலேயே ஹாரி கேனைப் பயர்ன் மியூனிக்குக்கு இழந்த அவர், முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் வென்று, இரண்டில் சமன் செய்து, 26 புள்ளிகளுடன் பட்டியலின் உச்சியில் நின்றார். ரசிகர்கள் அவர் பெயரில் பாட்டு கட்டிப் பாடினார்கள். அந்த சீசன் 66 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் முடிந்தது. அடுத்த சீசனில் 22 லீக் தோல்விகளுடன் 17ஆம் இடம். அதே சீசனில் யூரோப்பா லீக் கோப்பை, 2008க்குப் பிறகு அந்தக் கிளப்பின் முதல் கோப்பை. பதினாறு நாள் கழித்துப் பதவி நீக்கம்.

ஒலே குன்னர் சோல்ஷேர் 2018 டிசம்பரில் இடைக்கால மேலாளராக யுனைடெட்டுக்கு வந்து 19 ஆட்டங்களில் 14ஐ வென்றார். அந்த வேகத்தில் மார்ச் இறுதியில் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். அதன்பின் அந்த சீசனில் மீதமிருந்த பத்து ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றார்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு அறிவியல் விளக்கம் ஒன்று உண்டு. மிக மோசமான ஓட்டம் ஒன்றுக்குப் பின் வருவது பெரும்பாலும் சராசரியை நோக்கிய திரும்பல்தான். பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டில் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து கண்ட உண்மை இது, கால்பந்துக்கும் பொருந்துகிறது. ஓர் அணி தன் தரத்துக்கும் கீழே இறங்கியிருக்கும்போதுதான் மேலாளர் நீக்கப்படுகிறார். ஆகவே அடுத்து யார் வந்தாலும் ஓரளவு ஏற்றம் இருக்கும். நெதர்லாந்தின் எரடிவிசி லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர்கள் யான் வான் அவர்ஸும் மார்ட்டின் வான் டாயிலும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சீசன் நடுவே மேலாளரை மாற்றிய அணிகளின் ஆட்டம் மேம்பட்டது உண்மை. ஆனால் அதே அளவு சரிவைச் சந்தித்தும் மேலாளரை மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதே அளவு மேம்பட்டன. புதிய மேலாளரின் மந்திரம் என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் ஒரு பகுதி, அவர் வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது.

சம்பளப் பட்டியல் சொல்லும் உண்மை

சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் 2009இல் எழுதிய ‘சாக்கர்னாமிக்ஸ்’ நூலின் மையக் கண்டுபிடிப்பு எளிமையானது: பல ஆண்டுச் சராசரியில் பார்த்தால், இங்கிலாந்துக் கிளப்புகளின் லீக் நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் சுமார் 90 விழுக்காட்டை வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளமே விளக்கிவிடுகிறது. நல்ல வீரர்கள் அதிகச் சம்பளம் பெறுகிறார்கள். நல்ல வீரர்கள் இருக்கும் அணி மேலே இருக்கிறது.

ஒரே ஒரு சீசனை எடுத்தால் இந்த உறவு தளர்கிறது. காயங்கள், ஆட்ட அட்டவணை, நடுவரின் ஒரு முடிவு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து என்று அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. லெஸ்டர் வென்றதும் அத்தகைய ஒரு சீசனில்தான். ஆகவே முதல் சீசனின் இறுதிப் பட்டியல், மேலாளரின் திறமையை அளக்கும் கருவியாக மிக மோசமானது. அதில் பெரும்பகுதி கிளப்பின் பணபலம், இன்னொரு பகுதி அதிர்ஷ்டம்; மேலாளரின் கை எஞ்சிய பங்கில்தான் தெரியும். சம்பளப் பட்டியலில் ஏழாம் இடத்தில் இருக்கும் கிளப்பின் ரசிகர் முதல் நான்கை எதிர்பார்க்க உரிமை உள்ளவர். ஆனால் அது கிடைக்காததை மேலாளரின் தோல்வி என்று எழுத அவருக்கு ஆதாரம் இல்லை.

பொறுமைக்கு எதிரான வாதம்

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பொறுமையே எப்போதும் சரி என்று முடிப்பது எளிது; அது நேர்மையாகாது. 2017இல் கிரிஸ்டல் பேலஸ், பிராங்க் டி போரை நான்கே லீக் ஆட்டங்களில் நீக்கியது. நான்கிலும் தோல்வி, அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. அவர் பதவியில் இருந்தது 77 நாள். அவசரம் என்று பலர் கண்டித்தார்கள். அவருக்குப் பின் வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் கோலின்றித் தோற்றார். ஆனால் அவர் அந்த வீரர்களுக்குப் பழகிய, எளிய தற்காப்பு அமைப்புக்கு அணியைத் திருப்பினார். ஏழு தோல்விகளோடு தொடங்கிய அணி 44 புள்ளிகளுடன் 11ஆம் இடத்தில் முடிந்தது. பேலஸின் முடிவு சரியென்றே அந்த சீசன் காட்டியது.

பிரையன் கிளஃப் 1974இல் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட்டை ஏற்று, ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் 44 நாளில் வெளியேற்றப்பட்டார். வீரர்கள் அவரை ஏற்கவில்லை. அவரும் அவர்களை மதிக்கவில்லை. அந்த உறவு காலம் கொடுத்தாலும் ஒட்டியிருக்குமா என்பது ஐயமே. அதே கிளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை இரண்டாம் பிரிவிலிருந்து உயர்த்தி, 1978இல் லீக் பட்டமும் 1979, 1980 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையும் வென்றார். ஒரு மேலாளர் சிறந்தவராக இருப்பதும் ஓர் அணிக்குப் பொருந்துவதும் வேறு வேறு.

ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்து, வீரர்கள் பழகாத மூன்று பின்கள வீரர் அமைப்பை சீசன் நடுவிலேயே புகுத்தினார். விளைவு 42 புள்ளிகள், 15ஆம் இடம். 1974இல் தரமிறங்கிய பிறகு அந்தக் கிளப் கண்ட மிகத் தாழ்ந்த நிலை. நடுவில் வந்தவரை அரைச் சீசனை வைத்து அளக்கக் கூடாது என்பது உண்மை. கையிலிருக்கும் வீரர்களுக்கு ஏற்ப வளைந்துகொடுக்காத பிடிவாதத்தை ரசிகர் அஞ்சுவதும் நியாயமே. பொறுமை எங்கே முடிய வேண்டும் என்பதற்கு இந்த மூன்று நேர்வுகளும் சில குறிகளைத் தருகின்றன: வீரர்களின் நம்பிக்கை போய்விட்டதா, அமைப்பு வீரர்களுக்கு முற்றிலும் ஒவ்வாததா, தவறென்று தெரிந்தும் மேலாளர் திருத்திக்கொள்ள மறுக்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்பது விடையானால், நாள்கள் கூடக் கூட நட்டம்தான் கூடும்.

சென்னையில் கண்ட பாடம்

இந்தக் கணக்கை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2017இல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு, முன்பு ஆஸ்டன் வில்லாவை நடத்திய ஜான் கிரிகரி வந்தார். லீக் கட்டத்தில் இரண்டாம் இடம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், அந்த ஊர் அணியின் சொந்த மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், சுனில் சேத்ரியின் கோலால் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 3–2 என்று வென்று, இரண்டாவது ஐ.எஸ்.எல். கோப்பையைக் கொண்டுவந்தார். முதல் சீசனில் இதற்கு மேல் ஒரு ரசிகர் கேட்க முடியாது.

அடுத்த சீசனில் அதே மேலாளரின் கீழ் அணி 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று, ஒன்பது புள்ளிகளுடன் கடைசி இடத்தில் விழுந்தது. 2019 இறுதியில் அவர் விலக, ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். பட்டியலின் அடிப்பகுதியில் தவித்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம்வரை போய் ஏ.டி.கே. அணியிடம் தோற்றது. முதல் சீசன் வெற்றி நிலைக்காமல் போவதையும், சரிவுக்குப் பின் வந்த ஏற்றத்தையும் மூன்றே ஆண்டுகளில் நேரு விளையாட்டரங்கின் ரசிகர்கள் கண்டுவிட்டார்கள்.

ரசிகரின் பங்கு

எதிர்பார்ப்பு என்பது அரங்கின் இருக்கைகளோடு நின்றுவிடுவதில்லை. அது ஆடுகளத்தில் வீரரின் கால்களைத் தொடுகிறது. நிர்வாகிகளின் அறையில் முடிவாகிறது. பின்னாலிருந்து பந்தைக் கட்டி வரும் ஆட்டமுறையைப் பழகும் அணி, தொடக்கத்தில் தன் கோலுக்கு அருகே பிழை செய்யும். ஒவ்வொரு பின்பாஸுக்கும் அரங்கம் முணுமுணுத்தால், அடுத்த முறை அந்த வீரர் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடிப்பார். மேலாளரின் திட்டம் அங்கேயே உடைந்துவிடும்.

கிளாப் இதை முதலிலேயே புரிந்துகொண்டார். 2015 நவம்பரில் லிவர்பூல் பேலஸிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது, ரசிகர்கள் முன்னதாகவே எழுந்து போனதைப் பார்த்துத் தனித்துவிடப்பட்டதாக உணர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதம் வெஸ்ட் பிராம்விச்சுடன் கடைசி நிமிடக் கோலால் 2–2 என்று சமன் செய்ததும், வீரர்களைக் கைகோத்து அழைத்துச் சென்று கோப் அரங்கின் முன் வணங்க வைத்தார். ஒரு சமனுக்கு இவ்வளவா என்று மற்ற அணியினர் கேலி செய்தார்கள். அந்த சீசன் எட்டாம் இடத்திலும், தோற்றுப்போன இரண்டு இறுதி ஆட்டங்களிலும் முடிந்தது. ஆனால் அரங்கத்துக்கும் அணிக்கும் இடையே அன்று தொடங்கிய பிணைப்பு, 2019 சாம்பியன்ஸ் லீக்குக்கும், முப்பது ஆண்டுகள் கழித்து 2020இல் வந்த லீக் பட்டத்துக்கும் துணைநின்றது. முதல் சீசனில் மேலாளரும் ரசிகர்களிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

எதைக் கேட்பது நியாயம்?

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, முதல் சீசனில் ரசிகர் உறுதியாகக் கேட்கக்கூடியவை ஐந்து.

முதலாவது, பெற்ற அணியைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு. வீரர்களின் வயது என்ன, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, எந்த இடம் காலி? இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு மேலாளரோடு கிளப் நிர்வாகத்துக்கும் உண்டு.

இரண்டாவது, குளிர்காலம் வருவதற்குள் கண்ணுக்குத் தெரியும் ஓர் ஆட்டவடிவம். பந்தை எங்கே பறிக்கப் பார்க்கிறார்கள், எந்த வழியாக முன்னேறுகிறார்கள், பந்தை இழந்தவுடன் என்ன செய்கிறார்கள் என்பதைச் சாதாரண ரசிகர் சொல்ல முடிய வேண்டும். தோற்கும் ஆட்டத்திலும் அந்த வடிவம் தெரிந்தால் அது நல்ல அறிகுறி.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் வீரர்கள் மேம்படுதல். வாங்கிய வீரர் ஜொலிப்பது பணத்தின் வேலையாக இருக்கலாம். ஓரங்கட்டப்பட்டிருந்த கிராவன்பெர்ச் போன்றவர் ஆட்டத்தின் மையமாவது மேலாளரின் வேலை.

நான்காவது, புள்ளிகளோடு வாய்ப்புகளின் தரத்தையும் பார்க்கும் பழக்கம். ஒவ்வொரு உதையும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் எக்ஸ்ஜி அளவு இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. நல்ல வாய்ப்புகளை உருவாக்கித் தோற்கும் அணி மீளும். எதிரிக்கு வாய்ப்புகளை வாரிக் கொடுத்துவிட்டு வெல்லும் அணி, விரைவில் அதற்கு விலை கொடுக்கும். பத்து ஆட்டங்களுக்குக் குறைந்த கணக்கை எதற்கும் ஆதாரமாகக் கொள்ளாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

ஐந்தாவது, திருத்திக்கொள்ளும் மனம். ஆர்சனலிடம் தோற்ற பிறகு அமைப்பையே மாற்றிய கோன்டேயைப் போல, தவறைக் கண்டதும் மேலாளர் மாறுகிறாரா என்பதே அவர் இரண்டாம் சீசனுக்குத் தகுதியானவரா என்பதைக் காட்டும் முக்கிய அறிகுறி.

இந்த ஐந்தில் கோப்பை இல்லை. பட்டியலில் குறிப்பிட்ட ஓர் இடமும் இல்லை. அவை வந்தால் கொண்டாடுவோம். வராவிட்டால், முந்தைய ஆண்டுப் பட்டத்தையோ பக்கத்து அணியின் வெற்றியையோ அளவுகோலாக எடுத்து ஒருவரைத் துரத்தக் கூடாது. அணி சீரழிந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டிருந்தால், முதல் கேள்வி அதை அப்படி விட்ட நிர்வாகத்திடம் எழுப்பப்பட வேண்டும். பிரீமியர் லீக்கின் வரலாற்றில் மேலாளர்கள் நீக்கப்பட்ட அளவுக்கு, தவறான வீரர்களை வாங்கிய நிர்வாகிகளும் உரிமையாளர்களும் பொறுப்பேற்றதில்லை. ரசிகரின் கோபம் எப்போதும் வரிசையின் முன்னால் நிற்பவர் மேலேயே விழுவது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்த ஆகஸ்ட்டில் நம் அணிக்குப் புதியவர் ஒருவர் வருவார். அது சென்னையாகவும் இருக்கலாம், லிவர்பூலாகவும் இருக்கலாம். மூன்றாம் ஆட்டத்தில் தோற்றதும் அவர் போக வேண்டும் என்று எழுதுவதற்கு முன், அவர் கையில் எந்த அணி கொடுக்கப்பட்டது என்று ஒருமுறை கேளுங்கள். அவருக்கு ஒரு கோடையும் ஒரு முழு சீசனும் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆட்டத்தில் வடிவம் இல்லை, வீரர்கள் வளரவில்லை, அவரும் மாறவில்லை என்றால், அவர் விலக வேண்டும் என்று உரக்கச் சொல்ல ரசிகருக்கு முழு உரிமை உண்டு.